எதாவது ஒண்ணு தேஞ்சுதான் ஆகணும்

போன மாசம் நாமக்கல் பட்டறையில ஒரு பில்லு கையில குடுத்தாங்க. 10,750 ரூபாய். எங்க பிக்கப் வண்டிக்கு பிரேக் மாத்துன செலவு. அன்னைக்குக் குச்சிக்கிழங்கு போன விலைக்கு, ஏறக்குறைய ஒன்றரை டன் கிழங்கு. குச்சிக்கிழங்குன்னா நீங்க சொல்ற மரவள்ளி. ஒன்றரை டன்னைப் புடுங்கி, ஏத்தி, ஜவ்வரிசி ஆலைக்குக் கொண்டு போயி, அவங்க பாயிண்டு பாத்துச் சொல்ற விலைக்குத் தலையாட்டி வாங்குற காசு, நாலு சக்கரத்தை நிறுத்துறதுக்குப் போயிருச்சு.

டவுன்ல இருக்கிற நீங்க காரை சர்வீஸுக்கு விட்டா, கம்ப்யூட்டர்ல அடிச்ச பில்லு வரும். நீங்களும் கார்டைத் தேய்ச்சிட்டு வந்துருவீங்க. எனக்கு அப்படி முடியல. ஒவ்வொரு வரியும் என்னான்னு கேட்டுக்கிட்டே உக்காந்திருந்தேன். பில்லு இதுதான்:

முன் சக்கரத்து பிரேக் பேடு ஒரு செட் – 1,650
பின் சக்கரத்து பிரேக் ஷூ ஒரு செட் – 1,480
வீல் சிலிண்டர் ரெண்டு – 1,040
முன் டிஸ்க் ரெண்டு – 3,800
பின் டிரம் ரெண்டும் லேத்துல கடைஞ்ச கூலி – 500
பிரேக் ஆயில் – 420
கிரீஸ், சீல் – 360
பட்டறைக் கூலி – 1,500

இதுல 3,800 ரூபா மட்டும் தனிக் கணக்கு. அது என் தள்ளிப்போடுற புத்திக்குக் கட்டுன தண்டம். ஆறு மாசத்துக்கு முன்னாடியே மெக்கானிக் தம்பி சொல்லிட்டான், "அண்ணா, பேடு தேஞ்சிருச்சுங்க, மாத்திருங்க"ன்னு. கிழங்கு விலை சரியில்ல, அடுத்த லோடுல பாத்துக்கலாம்னு விட்டேன். அடுத்த லோடு வந்துச்சு, போச்சு. பேடுல இருந்த சரக்கு மொத்தமும் தேஞ்சு, பின்னாடி இருக்கிற இரும்புத் தகடு நேரா டிஸ்க்கை அறுக்க ஆரம்பிச்சிருச்சு. டிஸ்க்குல விரல் வெச்சுப் பாத்தா உழுத சால் மாதிரி இருந்துச்சு. 1,650 ரூபாய்க்கும் கொஞ்சம் கூலிக்கும் முடிய வேண்டிய முன் சக்கர வேலை.

பில்லைத் திட்டிட்டு இருந்தப்போ அந்தத் தம்பி ஒண்ணு சொன்னான். "அண்ணா, நிக்கணும்னா எதாவது ஒண்ணு தேஞ்சுதான் ஆகணும். அது எதுன்னு மட்டும்தான் நாம முடிவு பண்ண முடியும்." அந்த ஒரு பேச்சு மனசுல உக்காந்துக்கிச்சு. பிரேக்கோட கதை எங்க ஆரம்பிச்சுதுன்னு தேடிப் படிச்சேன். படிக்கப் படிக்க, மொத்தக் கதையும் அவன் சொன்னதுக்குள்ளயே அடங்கிப் போச்சு. வண்டி ஓட ஆரம்பிச்ச நாள்ல இருந்து எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: இதுல தேயப்போறது எது?

முதல்ல எங்க அப்பாரு காலத்துல இருந்து வர்றேன். அப்பாருன்னா அப்பாவோட அப்பா. அவர்கிட்ட இருந்தது இரும்புப் பட்டை போட்ட மரச்சக்கர வண்டி. சமவெளியில அதுக்கு பிரேக்குன்னு ஒண்ணு தேவையே இல்ல. மாடு நின்னா வண்டி நிக்கும். மண்ணு ரோட்டுல மரச்சக்கரம் தானாவே நிக்கத்தான் பாக்கும், ஓட்டுறதுதான் கஷ்டம். இறக்கத்துல கதையே வேற. ரெண்டு சக்கர வண்டியில பாரம் முன்னாடி சாயும். நுகத்தடி மாட்டோட கழுத்தை அழுத்தி, கொம்புப் பக்கம் தள்ளும். மாடு ரெண்டும் முன்னங்காலை ஊனி, பாரத்தை முதுகால எதிர்த்து நிக்கணும். அதாவது பிரேக்கு மாடுதான். தேஞ்சது அதோட கழுத்தும் குளம்பும். மாடு வாங்கப் போற பெரியவங்க பல்லைப் பாக்கிற மாதிரியே கழுத்தையும் தடவிப் பாப்பாங்க. அந்தக் காய்ப்புல மாடு இழுத்த பாரம் மட்டுமில்ல, தடுத்த பாரமும் இருக்கும்.

இறக்கத்துல அடிக்கடி போற வண்டிக்கு அப்பாரு ஒரு ஏற்பாடு வெச்சிருந்தார்னு அப்பா சொல்லுவார். சக்கரத்துக்குப் பின்னாடி குறுக்கால ஒரு வேலாங்கட்டை, அதுல கட்டுன கயிறு. கயிறை இழுத்துக் கட்டுனா கட்டை பட்டையில போய் உரசும். ஒரு வெள்ளாமைக்கு ரெண்டு கட்டை தேஞ்சிரும். வேலாமரம் வேலியிலயே கிடைக்கும், செலவு இல்ல. மாட்டுக் கழுத்து தேயறதுக்குப் பதிலா மரம் தேயட்டும்னு அவர் எடுத்த முடிவு அது. அப்புறம் ரப்பர் டயர் போட்ட வண்டி வந்தப்போ இந்தக் கட்டையோட அவசியம் இன்னும் கூடுச்சு. டயர் வண்டி லேசா உருளும், மாட்டுக்கு இழுக்கச் சுகம். லேசா உருளுற வண்டி இறக்கத்துல லேசா நிக்காது. ஓட்டம் சுலபமாக ஆக, நிறுத்துறது கஷ்டமாயிடும். இது மாட்டு வண்டிக்கு மட்டும் இல்ல.

இதே சங்கதி இங்கிலாந்திலும் நடந்திருக்கிறது. அங்கே டெர்பிஷயர் என்ற மாவட்டத்தில் பீக் டிஸ்ட்ரிக்ட் என்று ஒரு மலைப்பகுதி. குதிரை வண்டியில் பாரம் ஏற்றிக்கொண்டு செங்குத்தான இறக்கங்களில் இறங்க வேண்டிய ஊர்கள். அந்தக் காலத்து ஐரோப்பிய வண்டிக்காரர்கள் இறக்கம் வந்தால் சக்கரத்துக்கு அடியில் செருப்பு மாதிரி ஒரு இரும்புத் துண்டை மாட்டிவிடுவார்கள். சக்கரம் உருளாது, அந்தச் செருப்பின் மேல் ஏறி நின்றபடி தரையில் உரசிக்கொண்டே வரும். அதற்குப் பேரே ஷூதான். இன்றைக்கு என் பில்லில் இருக்கிற 'பிரேக் ஷூ'வைப் பார்க்கும்போது அந்த இரும்புச் செருப்பு ஞாபகம்தான் வருகிறது.

ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர் அந்த மலைப்பகுதியில் இருந்தார். பழம் இல்லைங்க, ஆள் பேரு. வண்டிக்காரர்கள் பிரேக் கட்டை பத்தாமல் பழைய பூட்ஸை எடுத்து சக்கரத்துக்கும் கட்டைக்கும் நடுவில் சொருகுவதை அவர் பார்த்தார் என்று சொல்வார்கள். மரம் வழுக்கும், இரும்பு சறுக்கும், தோல் நல்லா புடிக்கும். அப்போ நிறுத்துறதுக்குன்னே ஒரு சரக்கை ஏன் தயார் பண்ணக் கூடாது என்று அவருக்குத் தோன்றியது. பருத்தியைக் கெட்டியாக நெய்து, பிசின் மாதிரியான சமாச்சாரங்களை அதில் ஊற வைத்து, பிரேக் கட்டைக்கு மேல் ஒட்டுகிற லைனிங் செய்தார். 1897-இல் தொழிலை ஆரம்பித்தார். கம்பெனிக்கு வைத்த பேரில் ஒரு விளையாட்டு இருக்கிறது. தன் பேரின் ஆங்கில எழுத்துகளைக் கலைத்து, மனைவி எலிசபெத் பேரின் முதல் எழுத்தைச் சேர்த்தார். ஃபெரோடோ. இன்றைக்கும் பிரேக் பேடு அட்டைப்பெட்டிகளில் அந்தப் பேரைப் பார்க்கலாம்.

ஃப்ரூட் கொண்டு வந்தது சின்ன யோசனை மாதிரித் தெரியும். ஆனா அதுதான் திருப்பம். அதுக்கு முன்னாடி வரைக்கும் சக்கரமோ, கட்டையோ, மாட்டுக் கழுத்தோ, எது கிடைச்சதோ அது தேஞ்சுது. தேயறதுக்குன்னே பொறந்த ஒரு பொருள், தேஞ்சதும் கழட்டிப் போட்டுட்டு வேற மாட்டிக்கலாம், மத்ததெல்லாம் அப்படியே இருக்கும்னு வந்தது அதுக்கப்புறம்தான். நான் கட்டுன 1,650 ரூபாய்க்கும் 1,480 ரூபாய்க்கும் அர்த்தம் இதுதான்.

என் வண்டியில் முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம் பிரேக். டிரம் பழசு, டிஸ்க் புதுசு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். உண்மையில் ரெண்டும் ஒரே வருஷத்துப் பிள்ளைகள். 1902-இல் பிரான்சில் லூயி ரெனோ டிரம் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கினார். ஒரு உருளைக்குள்ளே ரெண்டு ஷூ. பெடலை மிதித்தால் அவை விரிந்து உருளையின் உள் சுவரைப் பிடிக்கும். வெளிச் சேறும் தூசியும் அவ்வளவு சுலபமாக உள்ளே போகாது. அதே 1902-இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஃபிரெடரிக் லான்செஸ்டர் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கினார். சக்கரத்தோடு சுற்றுகிற ஒரு தட்டை ரெண்டு பக்கமும் இடுக்கி மாதிரிப் பிடிப்பது. அவர் பிடிமானத்துக்குச் செம்பைப் பயன்படுத்தினார். அன்றைய மண்ரோட்டுத் தூசியில் செம்பு சீக்கிரம் தேய்ந்தது, காது கிழிகிற மாதிரிக் கத்தவும் செய்தது.

யோசனை சரிதான், தேய்கிற சரக்குதான் சரியில்லை. அதனால் டிரம் ஜெயித்தது. டிஸ்க் அரை நூற்றாண்டு காத்திருந்தது. 1953-இல் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் டன்லப் டிஸ்க் பிரேக் போட்ட ஜாகுவார் கார் ஜெயித்தது. வளைவுகளில் மற்ற வண்டிகளைவிடத் தாமதமாக பிரேக் பிடித்தாலும் நின்றது, திரும்பத் திரும்பப் பிடித்தாலும் சூட்டில் சோர்ந்து போகவில்லை. ரெண்டு வருஷத்தில், 1955-இல், சிட்ரோன் டிஎஸ் என்ற குடும்பக் காரிலேயே டிஸ்க் வந்துவிட்டது.

பில்லில் அடுத்த வரி வீல் சிலிண்டர். இதுக்கும் ஒரு கதை இருக்கு. முதல்ல எல்லா வண்டியிலயும் பெடலுக்கும் பிரேக்குக்கும் நடுவுல கம்பியோ கயிறோதான். நாலு சக்கரத்துக்கும் நாலு கம்பி. ஒண்ணு இறுகியிருக்கும், ஒண்ணு தளர்ந்திருக்கும். மிதிச்சா வண்டி ஒரு பக்கமா இழுக்கும். அமெரிக்காவில் மால்கம் லாக்ஹீட் என்பவர், தன் சகோதரரோடு சேர்ந்து விமானம் கட்டியவர், கம்பிக்குப் பதில் திரவத்தைக் குழாயில் அனுப்பினார். அடைத்து வைத்த திரவத்தில் ஒரு இடத்தில் கொடுத்த அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் போகும் என்று பிளேஸ் பாஸ்கல் 17-ஆம் நூற்றாண்டிலேயே சொன்னதுதான் அடிப்படை. 1921-இல் டூசன்பர்க் என்ற விலை உயர்ந்த காரில் நாலு சக்கரத்துக்கும் இந்த பிரேக் வந்தது.

ஆரம்பத்தில் ஒரு தொல்லை. சிலிண்டருக்குள் அடைப்பாக இருந்தது தோல். அது கசிந்தது. 1924-இல் வந்த கிரைஸ்லர் காரில் அதை ரப்பராக மாற்றிய பிறகு கசிவு கட்டுக்குள் வந்தது. அப்படியும் ஹென்றி ஃபோர்டு நம்பவில்லை. திரவத்தை நம்பி வண்டியை விடுவதா என்று இரும்புக் கம்பியிலேயே நின்றார். அவருடைய கார்களுக்கு திரவ பிரேக் வந்தது 1939 மாடலில்தான். சந்தேகப்பட்ட ஃபோர்டு மேல எனக்குக் கோபம் வரல. என் பின் சக்கரத்துல கசிஞ்சது அதே ரப்பர் வாஷர்தான். டிரம்மைக் கழட்டுனப்போ ஷூ மேல எண்ணெய் வடிஞ்சு கருப்பா நின்னுச்சு.

அது எப்படித் தெரிய வந்துச்சுன்னு இப்போ சொல்லணும்.

கொல்லிமலை ரோட்டுல 70 கொண்டை ஊசி வளைவு. அடிவாரம் காரவள்ளியில இருந்து மேல செம்மேடு வரைக்கும் போறதுக்குள்ள வயித்தைக் கலக்கிடும். பலா சீசன்ல மேல போயி பழம் ஏத்திட்டு வர்றது எனக்கு ஒரு சின்ன வருமானம். அன்னைக்கு லீவுன்னு பையனும் கூட வந்தான். பத்தாவது படிக்கிறான். பலாவும் வாழைத்தாரும் சேர்த்து 1,200 கிலோ பக்கம் பாரம்.

பாதிக்கு மேல எறங்கியாச்சு. ஒரு வளைவுக்கு முன்னாடி பெடலை மிதிச்சா, எப்பவும் நிக்கிற இடத்துல கால் நிக்கல. பஞ்சு மூட்டையை மிதிச்ச மாதிரி உள்ள போச்சு. கருகுன வாடை ஏற்கனவே வந்துட்டு இருந்துச்சு, முன்னாடி போன வண்டியோடதுன்னு நெனைச்சிருந்தேன். ரெண்டு மூணு தடவை வேகமா மிதிச்சப்போ கொஞ்சம் புடிச்சுது. ரெண்டாவது கியர்ல இருந்து முதல் கியருக்குத் தள்ளி, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமா இழுத்து, மலைப்பக்க ஓடையில டயரை எறக்கி மண்ணுல முட்ட விட்டு நிறுத்தினேன். பையன் எறங்கி ஓடிப் போயி சக்கரத்துக்குக் கல்லு வெச்சான். நான் ஸ்டியரிங்கை விட்டு கையை எடுக்கவே கொஞ்ச நேரம் ஆச்சு.

ஒரு மணி நேரம் அங்கயே உக்காந்திருந்தோம். அவன் கேட்டான், "அப்பா, அந்தப் பேடு எவ்ளோப்பா?"

"ஆயிரத்தி அறநூத்தி சொச்சம்."

அதுக்கு மேல அவன் ஒண்ணும் கேக்கல.

அன்னைக்கு என்ன நடந்துச்சுங்கிறதுக்கு ஒரு கணக்கு இருக்கு. வண்டியும் பாரமும் சேர்ந்து 2,900 கிலோன்னு வெச்சுக்குங்க. மலை மேல இருந்து அடிவாரத்துக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் உசரம் எறங்குறோம். அந்த எடை அந்த உசரத்துல இருந்து எறங்கும்போது வெளியேறுற சக்தி கிட்டத்தட்ட 8 யூனிட் கரண்டுக்குச் சமம். உங்க வீட்டு ஏசி அஞ்சு மணி நேரம் ஓடுற கரண்டு. இன்னொரு மாதிரிச் சொன்னா, 90 லிட்டருக்கு மேல தண்ணியைக் கொதிக்க வெக்கிற சூடு. இறங்கும்போது அந்தச் சூடு எங்கயாவது போயே ஆகணும். சரியான கியர்ல எறங்குனா பெரும் பங்கை இஞ்சின் வாங்கிக்கும். எந்த கியர்ல ஏறுனியோ அந்த கியர்ல எறங்குன்னு பழைய லாரி டிரைவருங்க சொல்றது இதுக்குத்தான். அவசரத்துல மேல் கியர்ல எறங்குனா அத்தனையும் கையகலப் பேடு மேலயும் டிரம் மேலயும் விழும்.

பிரேக் ஆயிலுக்கும் இதுல பங்கு உண்டு. டாட் 3 ஆயில் புதுசா இருக்கும்போது 205 டிகிரிக்குக் கீழ கொதிக்கக் கூடாதுங்கிறது தர அளவு. ஆனா அது காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சிக்கிட்டே இருக்கும். ஈரம் சேர்ந்த ஆயிலுக்கு அந்த அளவு 140 டிகிரிதான். கொதிச்சா ஆவி. திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். பெடல் பஞ்சு மாதிரி உள்ள போனது அதனால. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை 420 ரூபா ஆயிலை மாத்தியிருந்தா, இது நடக்குற வாய்ப்பு குறைஞ்சிருக்கும். என் வண்டியில எப்போ மாத்துனதுன்னு எனக்கே ஞாபகம் இல்ல.

இனி சொல்லப் போறதுக்குப் பில்லுல வரி இல்ல.

ஃப்ரூட் செய்த பருத்தி லைனிங் குதிரை வண்டிக்குப் போதும். மோட்டார் வண்டியின் சூட்டில் கருகியது. நெருப்புக்கு அசையாத ஒரு சரக்கு வேண்டும். அது ஆஸ்பெஸ்டாஸ், கல்நார். கல்லில் கிடைக்கிற நார். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருந்து பல பத்தாண்டுகள் உலகத்தில் ஓடிய வண்டிகளின் பிரேக்கில் தேய்ந்தது பெரும்பாலும் இதுதான். விலை குறைவு, சூடு தாங்கும், டிரம்மை அறுக்காது. இதைவிட நல்ல சரக்கு இல்லை என்றே எல்லாரும் நினைத்தார்கள்.

1924-இல் இங்கிலாந்தின் ராச்டேல் ஊரில் நெல்லி கெர்ஷா என்ற பெண் 33 வயதில் இறந்தார். ஆஸ்பெஸ்டாஸ் நூற்கும் ஆலையில் வேலை செய்தவர். வில்லியம் குக் என்ற மருத்துவர் அவருடைய நுரையீரலைப் பரிசோதித்து, உள்ளே அந்த நார்த்துகள்கள் இருந்ததை எழுதி வெளியிட்டார். ஆலைக்காரர்கள் பொறுப்பேற்கவில்லை, இழப்பீடும் கொடுக்கவில்லை. அதே ஆலையைக் கொண்டிருந்த டர்னர் அண்ட் நியூவல் குழுமத்தோடுதான் 1920-களில் ஃப்ரூட்டின் ஃபெரோடோவும் சேர்ந்தது. 1931-இல் பிரிட்டன் ஆலைத் தூசிக்குக் கட்டுப்பாடு கொண்டு வந்தது. முழுத் தடை வர 1999 ஆனது. ஆஸ்பெஸ்டாஸில் எந்த வகையானாலும் புற்றுநோய் வரும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம்ம நாட்டில் இன்னும் முழுசாகத் தடை இல்லை.

எனக்கு முதல் முதல்ல வண்டி பாத்துக் குடுத்த மெக்கானிக் அண்ணன் டிரம்மைக் கழட்டுனதும் வாயாலயே ஊதுவார். உள்ள சேர்ந்திருக்கிற சாம்பல் நிறத் தூசி முகத்துல அடிக்கும். துண்டால துடைச்சிட்டு அதே கையால டீ குடிப்பார். பழைய ஷூவுல தேஞ்ச லைனிங்கைப் பெயர்த்துட்டு புதுசை வெச்சு ரிவிட் அடிக்கிறதுல அவரை மிஞ்ச ஆளில்ல. வெளியூர்ல இருந்தெல்லாம் லாரிக்காரங்க அவரைத் தேடி வருவாங்க. கடைசி நாலஞ்சு வருஷம் இருமல் நிக்கவே இல்ல. மூச்சு வாங்கும். அம்பத்தெட்டு வயசுல போயிட்டார். பீடி பழக்கமும் அவருக்கு இருந்துச்சு. இந்தத் தூசிதான் காரணம்னு எந்த டாக்டரும் சொல்லல, நானும் சொல்ல மாட்டேன். ஆனா இந்தக் கதையைப் படிச்சதுக்கப்புறம் அவர் ஊதுற அந்தச் சத்தம் எனக்குக் காதுல கேட்டுக்கிட்டே இருக்கு. நான் அப்போ குடுத்த கூலி முன்னூறு ரூபா. மலிவா முடிஞ்சுதுன்னு சந்தோஷமா வீட்டுக்கு வந்திருக்கேன்.

பிரேக்குக்கு நம்ம தமிழ்நாட்டோட சொந்தம் சின்னதில்ல. டி.வி.சுந்தரம் அய்யங்கார் மதுரையில் பஸ் தொழிலை ஆரம்பித்தது 1911-இல். அந்த டி.வி.எஸ். குடும்பம் இங்கிலாந்து கம்பெனியோடு சேர்ந்து 1962-இல் சென்னையில் பிரேக்ஸ் இந்தியாவை ஆரம்பித்தது. 1964-இல் ரானே குழுமத்தின் பிரேக் லைனிங் கம்பெனி, 1974-இல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ். பாடி, அம்பத்தூர் வழியாகப் போகும்போது நீங்கள் பார்க்கிற அந்த நீளமான மதில் சுவர்களுக்குப் பின்னால் நாட்டின் எத்தனையோ லாரிகளை நிறுத்துகிற சரக்கு தயாராகியிருக்கிறது. வெளியே இருந்து கப்பலில் வந்துகொண்டிருந்தது இங்கேயே கிடைக்க ஆரம்பித்தது. நாமக்கல், சங்ககிரி மாதிரியான லாரி ஊர்கள் இந்த அளவுக்கு வளர்ந்ததில் அதுக்கும் ஒரு பங்கு இருக்குன்னு நான் நெனைக்கிறேன். 2005-இல் டாடா ஏஸ் வந்து, நாம அதுக்கு 'குட்டி யானை'ன்னு பேரு வெச்சு, சம்சாரி கையிலயும் நாலு சக்கரம் வந்ததுக்கப்புறம், பிரேக் செலவுங்கிறது உரச் செலவு மாதிரி எங்க வீட்டுக் கணக்குலயும் ஒரு வரியாயிடுச்சு.

பட்டறையில அந்தத் தம்பி ரெண்டு வகை பேடு எடுத்து வெச்சான். கம்பெனிப் பெட்டி 1,650. பேரில்லாத பெட்டி 700. "ரெண்டும் நிக்கும்ணா, எத்தன நாளைக்குன்னுதான் தெரியாது"ன்னான். கம்பெனிப் பெட்டி மேல ஆஸ்பெஸ்டாஸ் இல்லாததுன்னு அச்சடிச்சிருந்துச்சு. மத்ததுல ஒண்ணுமே எழுதல. 950 ரூபா வித்தியாசம். ஒரு காலத்துல நான் எதை எடுத்திருப்பேன்னு எனக்கே தெரியும்.

டிரம்மைக் கழட்டுனதும் அவன் காத்து அடிக்கிற பைப்பை எடுத்தான். "வேண்டாம் தம்பி, ஈரத்துணி வெச்சுத் தொட"ன்னேன். சிரிச்சான். "ஏனுங்கண்ணா, அம்புட்டு அவசரமில்லியா உங்களுக்கு?"ன்னு கேட்டான். பழைய மெக்கானிக் அண்ணன் அவனுக்குத் தூரத்துச் சொந்தம். அவரைப் பத்தி ரெண்டு வார்த்தை சொன்னேன். பைப்பை வெச்சிட்டு, பக்கெட்டுல தண்ணி எடுத்துட்டு வந்து, துணியை நனைச்சுத் தொடச்சான். கூடுதலா கால் மணி நேரம் ஆச்சு.

நீங்க அடுத்த தடவை காரை விடும்போது மூணே மூணு கேள்வி கேளுங்க. பேடுல இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கு? ஆயில் கடைசியா எப்போ மாத்துனது? தூசியை எப்படி எடுக்குறீங்க? முதல் ரெண்டும் உங்களுக்காக. மூணாவது, அங்க குனிஞ்சு வேலை செய்யற பையனுக்காக.

பில்லைக் கட்டிட்டு வந்து, கழட்டுன பழைய பேடு ஒண்ணை வீட்டு ஜன்னல் திண்டுல வெச்சிருக்கேன். சரக்கு ஒரு இணுக்கு இல்ல, வெறும் இரும்பு. பையன் போற வர்றப்போ அதைக் கையில எடுத்துப் பாத்துட்டு வெப்பான். போன ஞாயித்துக்கிழமை மறுபடியும் மலைக்குக் கிளம்புனோம். வண்டியில ஏறுறதுக்கு முன்னாடி அவனே போய் பானெட்டைத் தூக்கி, பிரேக் ஆயில் டப்பாவுல அளவு பாத்துட்டு வந்தான். நான் சொல்லல.